மெதுவாகப் படிப்பவர்கள்

அந்தப் பள்ளியின் ஆசிரியர் அறையில் அவளுக்கு ஸ்டெப்னி என்று பெயர். விளையாட்டு ஆசிரியர் வைத்தது. எந்தச் சக்கரம் பஞ்சரானாலும் கழற்றி மாட்ட ஒன்று வேண்டுமில்லையா, அதற்காகத்தான் நூலகத்தில் ஒரு ஆளை உட்கார வைத்திருக்கிறார்கள் என்று ஒருநாள் அவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. பிள்ளைகளுக்கு மட்டும் அவள் லைப்ரரி மிஸ்.

நூலகம் தரைத்தளத்தில், தண்ணீர் மோட்டார் அறைக்கு அடுத்து இருந்தது. மோட்டார் ஓடினால் அலமாரிக் கண்ணாடிகள் கிடுகிடுவென்று ஆடும். சுவரில் ஈரம் ஏறுவதால் கீழ்த்தட்டில் புத்தகம் வைக்க முடியாது. காலையில் ஒன்றாம் வகுப்புக்குக் கதை வாசிப்பாள். கரடி வந்தால் கரடிக் குரலில் பேச வேண்டும், இல்லாவிட்டால் அதுகள் விடாது. அடுத்து எட்டாம் வகுப்புக்கு அகராதி பார்க்கச் சொல்லித்தர வேண்டும். பேச்சுப் போட்டிக்குப் போகிறவர்களுக்குக் கை எங்கே வைப்பது, மூச்சு எங்கே விடுவது என்று பழக்க வேண்டும். நடுவில் கிழிந்த புத்தகங்களுக்குப் பசை, பிரிந்த அட்டைகளுக்குத் துணி. ஆசிரியர் யாராவது லீவு போட்டால் அந்த வகுப்பு, எந்தப் பாடமானாலும் சரி, அவள் தலையில். பிள்ளை எதுவும் வாந்தியெடுத்தால் அதுவும் நூலகத்துக்குத்தான் வரும். அங்கே மின்விசிறி நன்றாகச் சுற்றுமாம்.

இதையெல்லாம் அவள் தாங்கிக்கொள்வாள். தாங்க முடியாதது தலைமையாசிரியைதான். தலைமையாசிரியை அவளுடைய கூடப் பிறந்த அக்கா.

அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்விட, பத்து வயது மூத்தவளான அக்காதான் அவளைப் படிக்க வைத்தாள். வேலையும் வாங்கிக் கொடுத்தாள். வீட்டு மாடியறையையும் கொடுத்தாள். பெண் கேட்டு இரண்டு பேர் வந்தபோது இருவரிடமும் ஏதோ ஒரு குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியதும் அக்காதான். பிறகு யாரும் வரவில்லை. வேலையில் சேர்ந்த முதல் நாள் பள்ளி வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது அக்கா சொன்னாள்:

"இந்த கேட்டைத் தாண்டினா நான் உனக்கு அக்கா இல்ல. நீ எனக்குத் தங்கச்சி இல்ல. சலுகை காட்டறேன்னு ஒரு வாய் பேசக் கூடாது. புரிஞ்சுதா?"

புரிந்துதான் இருந்தது. ஆனாலும் ஒருநாள் காலைக் கூட்டத்தில் மைக் நின்றுபோக, ஓடிப் போய்ப் பார்த்தவள், "அக்கா, ஒயர் கழண்டிருக்கு" என்று சொல்லிவிட்டாள். அதற்குள் மைக்குக்கு உயிர் வந்திருந்தது. பள்ளி முழுக்கச் சிரிப்பு. மறுநாள் அதே மேடையில், அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால் அவளை நிற்க வைத்து, "தலைமையாசிரியையை மேடம் என்றுதான் அழைக்க வேண்டும்" என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள் அக்கா. பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று கடைசியாக ஒருமுறை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

அன்று மாலை வீட்டில் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அக்கா கேட்டாள். "என்ன, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? பள்ளிக்கூடம் வேற, வீடு வேற. சாப்பிடு."

அவள் சாப்பிட்டாள்.

அவளுக்கென்று அந்தப் பள்ளியில் ஒன்றே ஒன்று இருந்தது. மதிய இடைவேளை வகுப்பு. அதை யாரும் அவள் தலையில் கட்டவில்லை. அவளாக ஆரம்பித்தது. ஆறாவது ஏழாவது வந்தும் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து உதட்டை அசைத்தே காலம் தள்ளும் சாமர்த்தியசாலிகள். அப்படிப்பட்டவர்களை ஒவ்வொருவராகக் கண்டுபிடித்து நூலகத்தின் மூலைமேசைக்குக் கூட்டி வந்தாள். ஒரு தட்டில் மணல் பரப்பி அதில் விரலால் எழுத வைத்தாள். உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி, கண்ணை மூடித் தடவச் சொன்னாள். முதுகில் எழுதிக் காட்டி என்ன எழுத்து என்று கேட்டாள். கூச்சத்தில் நெளிந்துகொண்டே, "ரெண்டு சுழி ன... இல்ல மிஸ், மூணு சுழி" என்பார்கள்.

அவர்களில் தையல்காரர் மகள் ஒருத்தி. வந்த புதிதில் அவளுக்குப் பக்கத்தைப் பார்த்தாலே தலைவலி வந்துவிடும். இரண்டு வருடம் கழித்து, விரலை வைத்து நகர்த்தி நகர்த்தி ஒரு கதையை முழுக்க வாசித்தாள். ஆமை நடைதான். ஆனால் ஒரு எழுத்து தப்பாது.

அந்தச் சமயத்தில்தான் அக்கா தங்கையைக் கூப்பிட்டு, வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகள் மொத்தம் யார் யார் என்று ஒரு சோதனை வைத்துச் சொல்லச் சொன்னாள். அவர்களுக்கென்று தனியாக ஒரு ஆசிரியரைப் போடப் போகிறார்கள் என்று அவள் நம்பினாள். அதனால் கறாராகவே சோதித்தாள். சந்தேகத்துக்கு இடமானவர்களையும் சேர்த்து ஏழு பேர் என்று சொன்னாள்.

"சரி. ஏழு பேருக்கும் டி.சி. கொடுத்துடலாம். வேற ஸ்கூல் பாத்துக்கட்டும்" என்றாள் அக்கா. "பெரிய பரீட்சை வரைக்கும் இதுங்களை இழுத்துட்டுப் போனா நம்ம ரிசல்ட் என்ன ஆகும்?"

"மேடம், நான் அதுக்காகச் சோதிக்கல."

"எதுக்காகச் சோதிச்சீங்கன்னு நான் கேட்டேனா?"

தையல்காரர் தன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். தலைமையாசிரியை அறையில் அப்போது இரண்டு ஆசிரியைகளும் அலுவலகக் குமாஸ்தாவும் இருந்தார்கள். லைப்ரரி மிஸ்ஸும் ஒரு ஓரமாக நின்றாள்.

"பிள்ளை படிக்குது மேடம். ஒரு தடவை கேட்டுப் பாருங்க. நல்லாப் படிக்குது" என்றார் தையல்காரர். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுக்கக்கூட மறந்து வந்திருந்தார்.

அக்கா மேசைமேல் கிடந்த பாடப்புத்தகத்தை விரித்துத் தள்ளினாள். சிறுமி விரலை வைத்தாள். முதல் வார்த்தை வந்தது. இரண்டாவது வார்த்தையில் ஒரு எழுத்தில் நின்று, தாண்டி, சரியாகச் சொன்னாள். மூன்றாவது. அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அறையில் இருந்தவர்களைப் பார்த்தாள்.

"போதும்மா. நீ இந்தப் பக்கத்தை முடிக்கிறதுக்குள்ள எனக்கு ரிட்டயர்மென்டே வந்துடும்."

ஆசிரியைகள் சிரித்தார்கள். குமாஸ்தா சத்தமாகவே சிரித்தார். ஓரமாக நின்றவளும் சிரித்தாள். சிரிக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. சிரிப்பு தானாக வாயில் வந்து நின்றது. சிறுமி வேறு யாரையும் பார்க்கவில்லை, அவளை மட்டும் பார்த்தாள். பிறகு குனிந்து விட்ட இடத்திலிருந்து வாசித்தாள். முற்றுப்புள்ளி வரைக்கும் போய்விட வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ. விரல் வரிமேல் இருக்கும்போதே அக்கா புத்தகத்தை இழுத்து மூடினாள்.

"மிஸ், வெளிய கூட்டிட்டுப் போய் அவருக்குப் புரிய வைங்க. மத்த ஆறு பேர் வீட்டுக்கும் நீங்களே சொல்லிடுங்க. சோதிச்சது நீங்கதானே."

ஏழு குடும்பத்துக்கும் அவள்தான் சொன்னாள். ஒரு தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்லாத்தான் சொல்லிக் குடுத்தீங்க மிஸ், எங்க தலையெழுத்து" என்று அழுதாள். தையல்காரர் அழவில்லை. வாசல் வரை வந்தவர், "நீங்க வச்ச டெஸ்ட்தானாமே மிஸ்?" என்று மட்டும் கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை. மகளின் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

அடுத்த வருடம் புதிதாக ஆறு பேர் மூலைமேசைக்கு வந்தார்கள். அவள் மணல் தட்டை எடுத்து வைத்தாள்.

அக்காவுக்கு நோய் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். டீயும் கையுமாகப் பேப்பரை விரித்தவள், "என்ன இது, பேப்பர்காரன் வேற ஏதோ மொழிப் பேப்பரைப் போட்டுட்டுப் போயிருக்கான்?" என்றாள். அக்காவின் வீட்டுக்காரர், மாமா, எட்டிப் பார்த்து, "நம்ம பேப்பர்தானே" என்று சிரித்தார். அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். மறுபடி துடைத்தாள். அப்புறம் பேப்பரை மெல்ல மடித்து மேசையில் வைத்துவிட்டு, "என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

மூளைக்கு ரத்தம் போகும் குழாய் ஒன்று அடைத்திருந்தது. கை, கால், பேச்சு, ஞாபகம் எல்லாம் அப்படியே இருந்தன. டாக்டர் ஒரு தாளைக் கொடுத்துப் பெயரும் விலாசமும் எழுதச் சொன்னார். அக்கா மணிமணியாக எழுதினாள். ஏதேதோ பேசிவிட்டு டாக்டர் அதே தாளைக் காட்டிப் படிக்கச் சொன்னார்.

"இது யார் எழுதினது?" என்று கேட்டாள் அக்கா.

எழுத முடியும், படிக்க மட்டும் முடியாது. இப்படி அபூர்வமாகச் சிலருக்கு வரும் என்றார் டாக்டர். வலப்பக்கப் பார்வையும் குறைந்திருந்தது. "ஒவ்வொரு எழுத்தா விரலால எழுதிப் பாத்துப் படிக்கப் பழகலாம். சின்னப் பிள்ளைக்குச் சொல்லித் தர மாதிரி. மெதுவாத்தான் வரும். பொறுமையான ஆள் யாராவது கூட இருக்கணும்."

"வீட்டுலயே இருக்காங்களே" என்று மாமா கூட வந்திருந்த அவளைக் காட்டினார்.

திரும்பி வரும் வழியில் அக்கா முன்சீட்டிலிருந்து திரும்பாமலே சொன்னாள். "ஸ்கூல்ல ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது. இன்னும் ஒரு வருஷம். மரியாதையா வெளிய வந்துடுவேன்."

அவள் வேலைகளோடு இன்னொன்று சேர்ந்தது. தினமும் காலையில் தலைமையாசிரியை அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வந்த கடிதங்களையெல்லாம் வாசித்துக் காட்ட வேண்டும். அக்காவுக்கு ஒருமுறை கேட்டால் போதும், அப்படியே பதிந்துவிடும். கூட்டத்தில் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, பார்த்துப் படிப்பது போலவே கடகடவென்று ஒப்பிப்பாள். "அக்காவும் தங்கச்சியும் ராசியாயிட்டாங்கப்பா" என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டார்கள்.

மாலையில் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாடம் நடக்கும். பள்ளியில் இருப்பதைப் போலவே இங்கேயும் ஒரு மணல் தட்டு. முதல் சில வாரங்கள் அவள் நன்றாகவே சொல்லிக் கொடுத்தாள். அக்காவின் விரலைப் பிடித்து எழுத வைத்தாள். அக்காவுக்கு வார்த்தையின் முன்பாதி எப்படியோ வசப்பட்டுவிடும், வால்தான் தெரியாது. வந்தாளா, வந்தாரா, வந்தானா என்று ஊகித்துச் சொல்வாள். வாழ்நாள் முழுக்க ஊகிக்காமல் உத்தரவு போட்டவளுக்கு அது பெரிய அவமானமாக இருந்தது.

ஒருநாள் அக்கா ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டாள். ஒரு எழுத்தை எடுத்துக் கொடுத்தால் வந்துவிடும். அவள் வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். அக்காவின் நெற்றியில் வியர்வை பூத்தது. விரல் மணலில் போன தடத்திலேயே திரும்பத் திரும்பப் போனது. அவளுக்கு உள்ளே, வெறும் வயிற்றில் சூடாக எதையோ குடித்தது போல இதமாக இருந்தது.

மறுநாள் அதைவிட நீளமான வார்த்தைகளாகப் பொறுக்கி எடுத்தாள்.

"நேத்துப் படிச்ச வார்த்தைதானே அக்கா இது?" என்பாள். "சரி, முதல்லருந்து." சோபாவிலிருந்து மாமா, "கொஞ்சம் எடுத்துக் குடும்மா, பாவம்" என்பார்.

"எடுத்துக் குடுக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க மாமா."

டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்கள், தங்கச்சி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பரீட்சைக் காலம் நெருங்கியது. ஒரு காலை, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்ததும் அக்கா சொன்னாள்: "இந்த வருஷமும் அந்த டெஸ்டை வச்சிடு. போன தடவை ஏழு பேரைக் கழிச்சதுக்கே தாளாளர் எவ்வளவு சந்தோஷப்பட்டார், பாத்தியா?"

"அக்கா..."

"இங்க மேடம்."

"மேடம், நீங்களே இப்ப..."

"ம். முடி. நானே இப்ப?"

அக்காவே முடித்தாள்.

"எனக்கு வந்தது நோய். அதுங்களுக்கு மண்டையில ஒண்ணும் கிடையாது. ரெண்டையும் ஒண்ணாப் பேசாத. அந்தக் கடிதத்தைப் படி."

தாளாளர் அனுப்பிய கடிதம் அது. காலையில் பள்ளி தொடங்கும் நேரத்தை அரைமணி தள்ளிப் போட வேண்டும் என்று ஆசிரியர்கள் கேட்டிருந்தார்கள். அதற்கு வந்த பதில். மதியக் கூட்டத்தில் தெரிவிக்க வேண்டும். அவள் பிரித்துப் பார்த்தாள். மடித்தாள்.

"சின்னக் கடிதம்தான் மேடம். கூட்டத்துல நானே எல்லாருக்கும் படிச்சிடறேன்."

"சரி" என்றாள் அக்கா.

கூட்டம் நூலகத்தில். நாற்காலி போட்டதும் அவள்தான். தாளாளரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். மற்ற விஷயங்களைப் பேசி முடித்ததும் அக்கா, "மிஸ், அந்தக் கடிதத்தைப் படிங்க" என்றாள். அவள் எழுந்தாள். முன்னால் நடந்து போய்க் கடிதத்தைப் பிரித்து அக்காவின் கையில் வைத்தாள்.

"நீங்களே படிச்சாத்தான் நல்லா இருக்கும் மேடம்."

திரும்பி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

அக்காவின் பார்வையில் கோபம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது, நெரிசலில் கை நழுவிப்போன குழந்தை சுற்றுமுற்றும் தேடுமே, அந்தப் பார்வை. பிறகு குனிந்தாள். தாளுக்கு அடியில் ஆள்காட்டி விரல் கட்டைவிரல்மேல் எழுதிக்கொண்டிருந்தது. ஆசிரியர்கள் காத்திருந்தார்கள். யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"ஆசிரியர்களின்... கோரிக்கை..." என்றாள் அக்கா. வெகுநேரம் கழித்து, "நிர்வாகத்தால்" என்றாள். கடைசி வார்த்தையின் முன்பாதியைப் பிடித்துவிட்டாள். வால் தெரியவில்லை. ஊகித்தாள்.

"ஏற்கப்பட்டது."

எல்லோரும் கைதட்டினார்கள். விளையாட்டு ஆசிரியர் விசில்கூட அடித்தார்.

தாளாளர் கையை உயர்த்தினார். "ஒரு நிமிஷம். நான் அப்படி எழுதலையே. மறுபடி படிங்க மேடம்."

கைதட்டல் நின்றது. பக்கத்து அறையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா தாளை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டு போனாள், தள்ளிப் பிடித்தாள். மறைக்க வேண்டும் என்ற நினைப்பே போய்விட்டது. எல்லோரும் பார்க்க, உள்ளங்கையில் விரலால் எழுதிப் பார்த்து, "ஏ... ற்... க..." என்று எழுத்துக் கூட்டினாள். முதலில் யாருக்கும் விளங்கவில்லை. அப்புறம் முன்வரிசையில் ஒரு ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

'ஏற்கப்படவில்லை' என்ற அந்த வார்த்தை கடைசி வரிசையில் இருந்தவளின் நாக்கு நுனியில் இருந்தது. நாலு எட்டு வைத்தால் போதும். அவள் எழுந்திருக்கவில்லை. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதில் கலப்படம் எதுவும் இல்லை. கை விரல் நுனி வரைக்கும் சந்தோஷம்.

தாளாளர் எழுந்து போய் அக்காவின் கையிலிருந்து தாளை வாங்கினார். "எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டார். அக்கா தன் உள்ளங்கையையே பார்த்தாள். அவர் பின்வரிசைக்குத் திரும்பினார். "மிஸ், உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். ஆஸ்பத்திரியிலருந்து வந்ததுலருந்தே இப்படித்தான்."

அடுத்த வாரமே உடல்நிலை காரணமாக ஓய்வு என்று அறிவித்தார்கள். விடைபெறுகிறவர்களுக்குப் பரிசு தேர்ந்தெடுப்பது எப்போதும் நூலக ஆசிரியையின் வேலை. அதை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவள் தடித்த புத்தகம் ஒன்றைப் பளபளக்கும் தாளில் சுற்றி மேசையில் வைத்தாள். அக்கா பிரித்துப் பார்த்து, எல்லோருக்கும் நன்றி சொன்னாள்.

வீட்டில் மாமா ஒருமுறைதான் அதைப் பற்றிக் கேட்டார். "ஒரு வரிதானேம்மா. நீ படிச்சிருக்கலாமே."

"அங்க நான் தங்கச்சி இல்ல மாமா."

அதற்குப் பிறகு அவர் அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். இனி அக்கா தன் முகத்தில் விழிக்கவே மாட்டாள் என்று அவள் நினைத்திருந்தாள். மாடியறையைக் காலி செய்யப் பெட்டிகூட எடுத்து வைத்தாள். ஆனால் விளக்குப் போட்ட நேரத்துக்கு அக்கா மணல் தட்டோடு மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். வேறு யாரிடம் போவாள்? "ஆரம்பி" என்றாள். அவள் ஆரம்பித்தாள். பாதியில், மணலிலிருந்து கண்ணை எடுக்காமலே அக்கா பேசினாள்.

"நீ நல்ல டீச்சர் இல்லடி. நல்ல டீச்சரா இருந்திருந்தா அந்த ஏழும் மளமளன்னு படிச்சிருக்கும். அதுங்களை வெளிய அனுப்ப வேண்டிய அவசியமே எனக்கு வந்திருக்காது."

அவள் அடுத்த வார்த்தையைக் காட்டினாள்.

புதிய தலைமையாசிரியர் வேறு பள்ளியிலிருந்து வந்தவர். அதிர்ந்து பேசமாட்டார். பள்ளி திறந்த வாரம் நூலகத்துக்கே வந்து, "பழைய மேடம் போனதோட மதிய வகுப்பும் நின்னு போச்சாமே மிஸ்? மறுபடி ஆரம்பிக்கலாமா? நீங்க இதுல கெட்டிக்காரங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. மாடியில தனி ரூம் தரேன்" என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்றாள் அவள்.

அன்று மதியம் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அலமாரிக்கு முன்னால் குந்தி ஒரு புத்தகத்தின் அட்டையை வாசிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. ஒரு எழுத்தில் முட்டி நின்றது. மறுபடி முதலிலிருந்து வந்து அதே இடத்தில் முட்டியது. லைப்ரரி மிஸ் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறோம் என்பது கொஞ்சம் பொறுத்துத்தான் உறைத்தது. சிறுமியின் நெற்றியில் வியர்வை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்க இதமாக இருந்தது.

சட்டென்று எழுந்து குழாயடிக்குப் போய் முகம் கழுவினாள். அவள் திரும்பி வந்தபோது சிறுமி போயிருந்தாள். புத்தகம் தரையில் கிடந்தது.

மறுநாள் தலைமையாசிரியரிடம் போய், "வேற யாரையாவது போடுங்க சார்" என்றாள்.

"ஏன் மிஸ்?"

"எனக்குப் பொறுமை இல்ல சார்."

தன்னடக்கமாகச் சொல்கிறாள் என்று நினைத்து அவர் சிரித்தார். அவள் சிரிக்காமல் நிற்கவே, சரி என்று விட்டுவிட்டார். மதிய வகுப்பு ஓவிய ஆசிரியரிடம் போனது. அவர் மாடியறையில் பிள்ளைகளுக்கு வண்ணப் பென்சில்களைக் கொடுத்துவிட்டுத் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார். எழுத்து, மணல், உப்புத்தாள் என்று ஒரு தொந்தரவும் கிடையாது. பிள்ளைகளுக்கு அந்த வகுப்பு ரொம்பவும் பிடித்துப் போயிற்று.